மாப்பிள்ளை பார்க்கும் கண்

கல்முனையில் சாரன், லுங்கி விற்கும் கடை வைத்திருக்கும் றஸாக்கிற்கு ஆளை எடைபோடும் கண் இருக்கிறது என்று குடும்பத்தில் ஒரு பேச்சு. கடைக்குள் நுழைகிறவன் வாங்க வந்தவனா, மழைக்கு ஒதுங்கியவனா என்று அவன் செருப்பைக் கழற்றுமுன்னே சொல்லிவிடுவான். அந்தக் கண்ணை மாப்பிள்ளை பார்க்கவும் இரவல் கேட்பார்கள். பெண்ணுக்கு வீட்டைக் கட்டி, அந்த வீட்டுக்குள்ளேயே மாப்பிள்ளையைக் கூட்டிவந்து வைக்கிற ஊர்; வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று பார்க்காமல் விடமுடியுமா?

மனைவியின் தங்கை மகள் மர்ஷூதாவுக்கு முந்தி வந்த சம்பந்தத்தைத் தட்டிவிட்டதும் அதே கண்தான். அக்கரைப்பற்றுப் பொடியன். மெல்லிய குரல். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி எந்தப் பதத்தில் கரைப்பது என்று பெண்களோடு கதைத்தான். திரும்பி வரும்போது வேனுக்குள் றஸாக் அதை அப்படியே நடித்துக் காட்டினான். "ஆள் அந்த மாதிரிப் போல காக்கா" என்று, றஸாக்கை அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் மர்ஷூதாவின் வாப்பா ஜுனைட் சொன்னான். சம்பந்தம் வேனுக்குள்ளேயே மௌத்தாகி அடக்கமும் ஆனது. அந்தப் பொடியன் இப்போது வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, அவளையும் சிரிக்கவைத்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டபடி கடைத்தெருவில் திரிகிறான்.

றஸாக் அவ்வளவு திறமாக நடித்ததற்குக் காரணம் இருந்தது. தன் மனம் ஆண்களிடம்தான் ஓடும், பெண்களிடம் ஓடாது என்று மீசை முளைக்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதை மூட அவன் தைத்துக்கொண்ட சட்டைதான் இந்தப் பகிடியும் கேலியும். பகிடிக்காரனை எல்லோரும் பார்ப்பார்கள், ஒருவரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள். முஸ்பிறாவைக் கட்டி, அவள் வீட்டில் குடியிருந்து, இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பாவாகி இருபது வருடமாகிறது. ஊரில் இத்தனை கண்கள் இருந்தும் ஒன்றுகூட அவனைப் பிடிக்கவில்லை.

இந்தமுறை மாப்பிள்ளைக்கு ஊர் ஒலுவில். பெயர் ஷிப்லி. கட்டாரில் வேலை செய்து வந்தவன். தாடி, கனத்த குரல், கரப்பந்து ஆடி உருண்ட தோள், வாசலில் பெரிய மோட்டார் சைக்கிள். ஜுனைட் அங்கேயே உருகிவிட்டான்.

"ஆம்புள எண்டா இதுதான் காக்கா" என்று றஸாக்கின் காதுக்குள் சொன்னான்.

சாப்பாட்டுக்குச் சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரே தட்டில் எல்லோர் கையும். எதிரே இருந்த ஷிப்லி நல்ல இறைச்சித் துண்டொன்றை றஸாக்கின் பக்கம் தள்ளிவிட்டு நிமிர்ந்தான், சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டான். பார்த்ததில் ஒன்றுமில்லை, எடுத்த வேகத்தில்தான் எல்லாம் இருந்தது. அந்த வேகத்தில் றஸாக் கைதேர்ந்தவன். மற்றவர்கள் தாடிக்கும் தோளுக்கும் மார்க் போட்டுக்கொண்டிருக்க, அவன் பாதியில் எழுந்தான்.

கை கழுவப் பைப்படிக்குப் போனான். ஷிப்லி துவாயோடு பின்னால் வந்தான்.

"தம்பி, வேணாமெண்டு நீங்களே சொல்லிருங்க" என்றான் றஸாக், குழாயைப் பார்த்துக்கொண்டு.

எதை என்று ஷிப்லி கேட்கவில்லை. "எத்தினயோ தரம் சொல்லிட்டன் மாமா. உம்மா தின்னாமப் படுத்துட்டா. நீங்க சொல்லுங்களன். உங்கட சொல்லத்தான் கேப்பாங்களாமே."

"சொன்னா, ஏன் எண்டு கேப்பானுகள்."

"ஓம். என்னயும் அதத்தான் கேட்டாங்க."

ஷிப்லி துவாயை நீட்டினான்.

"நீங்க எப்பிடி மாமா சமாளிக்கிறீங்க?"

"நல்லாப் பகிடி விடுவன்" என்றான் றஸாக். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

வேனுக்குள் எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். "காக்கா, என்ன சொல்றீங்க?" என்றான் ஜுனைட். உண்மையைச் சொன்னால் அந்தப் பொடியன் ஒலுவிலில் தலைகாட்ட முடியாது. அடுத்த கேள்வி, உனக்கெப்படித் தெரியும் என்று தன்மேல் வரும். சொல்லாவிட்டால், வாப்பாவுக்கு அடுத்ததாகத் தன்னை நம்புகிற மர்ஷூதா ஆயுள் முழுக்க ஒருவன் முதுகைப் பார்த்துக்கொண்டு படுப்பாள்.

"நல்ல பொடியன்" என்றான். பகிடி ஒன்றும் வராததையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் முஸ்பிறா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "மாப்பிள எப்பிடி?"

"நல்ல பொடியன்."

"நடிச்சிக் காட்டல்ல?"

"காட்ட ஒண்டுமில்ல."

கத்தி நின்றது. அவன் முகத்தையே பார்த்தாள். "உங்களப்போலயா?"

அவன் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "எப்பயிருந்து தெரியும்?" என்றான்.

"கலியாணம் முடிச்ச கிழமையிலயே. கேட்டா அதுக்கும் ஒரு பகிடி விட்டிருப்பீங்க."

எழுந்து கைகழுவி, ஷோலைத் தலையில் போட்டாள். தங்கை வீடு அதே வளவுக்குள்தான்.

"என்ன சொல்லப்போற?"

"எனக்கு இஸ்திகாரா நல்லா வரல்ல எண்டு சொல்லுவன்."

நல்லதா கெட்டதா என்று காட்டித்தரும்படி அல்லாஹ்விடம் கேட்டுத் தொழுவது அது. மனம் ஒப்பவில்லை என்றால் சரி. காரணம் கேட்பாரில்லை, பொடியனுக்கும் பழுதில்லை.

"நீ தொழவேயில்லயே."

"இல்லதான். அந்தப் பொய்யிக்கி நான் பதில் சொல்லிக்கிறன்." வாசலில் நின்றாள். "என்னக் கட்டிக்குடுக்கக்குள்ள எனக்காக ஒரு பொய் சொல்ல ஒருத்தருமில்ல."

கூச்சல் போட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். மீன் விலை சொல்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

சற்று நேரத்தில் ஜுனைட் பாய்ந்து வந்தான். "காக்கா, நீங்களாவது சொல்லுங்க! நல்ல பொடியன் எண்டு உங்கட வாயாலதானே வந்திச்சி. மதினி ஆளக் காணவேயில்லயே, அவக்கென்ன தெரியும்?"

"அவ என்னய இருபது வருசமாப் பாத்தவ. அவ சொல்றதக் கேளு" என்றான் றஸாக்.

ஜுனைட் அவனை மேலும் கீழும் பார்த்தான். "பொஞ்சாதிக்கி இப்பிடிப் பயந்த ஆம்புளய நான் என்ட சீவியத்தில காணல்ல."

சம்பந்தம் நின்றது. மாலைக்குள் அந்தப் பேச்சு கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. வந்தவன் போனவனெல்லாம், "சாரன் விலையும் மதினிட்டத்தான் கேக்கணுமா காக்கா?" என்று கேட்டான். றஸாக் சாரனை விரித்துப் பிடித்தபடி அவர்களைவிடக் கூடுதலாகச் சிரித்தான். பொஞ்சாதிக்குப் பயந்தவன்: ஊர் வைத்த பெயர். இன்னும் கொஞ்சக் காலத்துக்கு உள்ளே ஒளிந்துகொள்ளத் தோதான பெயர்.

பிறகு ஷிப்லிக்கு வேறு ஊரில் பேசி முடித்தார்களாம். பெண் வீட்டார் அவன் தோளைக் கண்ட இடத்திலேயே ஓம் சொன்னார்களாம்.