செத்த வக்கீல் தேநீர் குடித்த வாரம்

அன்று காலை பத்தே கால் மணிக்கு ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் முதலாளி, ஆசிரியரும் அவரே. அவருக்கு வலப்பக்கம், ஜன்னலோரம், மெத்தை வைத்த நாற்காலியில் அவருடைய மைத்துனர். இடப்பக்கம் மர நாற்காலியில் பிழைதிருத்துபவர், மடியில் ஒரு கோணிப்பை. சுவரோரம் தரையில் அட்டைப்படங்களைப் பரப்பிவைத்துக் குத்துக்காலிட்டு ஓவியர். கதவை ஒட்டி, கட்டிவைத்த பழைய இதழ்களின் மேல் நான். நாற்காலி இல்லாமல் இல்லை. இன்னொன்று இருந்தது, அதில் மைத்துனரின் கோட்டு உட்கார்ந்திருந்தது.

நான் எழுத வந்து அப்போது இரண்டு வருஷம் நாலு மாதம். பகலில் தண்ணீர்ப் பம்பு கம்பெனியில் கடிதப் பிரிவு குமாஸ்தா. காலை நாலரையிலிருந்து எட்டு வரை கதை. அதற்குள் அறுபத்தேழு சிறுகதை, ஐந்து தொடர்கதை அச்சாகியிருந்தன. அத்தனையும் 'கருநாகம்' என்ற புனைபெயரில். அந்தப் பெயர் பத்திரிகைக்குச் சொந்தம். எனக்கு முன்னால் இரண்டு பேர் அதில் எழுதிக் களைத்து ஓடியிருந்தார்கள். ஆறாவது தொடரை என் சொந்தப் பெயரில் போடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி மனைவியிடம் சொன்னேன், மாமனாருக்கும் எழுதிப்போட்டேன்.

ஆறாவது தொடர் வந்தது. மேலே கருநாகம் என்ற அதே பெயர். பக்கத்தில், முதல் தடவையாக, கருநாகத்தின் போட்டோ. கன்னத்தில் கைவைத்து எங்கோ தூரத்தில் பிணம் கிடப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தவர் முதலாளியின் மைத்துனர். மாமனார் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தபாலில் அனுப்பினார். கூடவே ஒரே வரி: "மாப்பிள்ளை, எழுதுவது நீங்கள் என்றீர்களே, இந்தப் பிள்ளை யார்?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெண்ணைக் கொடுத்தவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் அந்த ஒரு வரிக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. நாளொன்றுக்கு நாற்பது கடிதத்துக்குப் பதில் எழுதுகிறவன் நான்.

போட்டோ வந்ததோடு விட்டதா? எட்டாவது அத்தியாயம் முடிந்த வாரம் கம்பெனி என்னை வெளியூர் அனுப்பியது. திரும்பி வந்து பார்த்தால் ஒன்பதாவது அத்தியாயத்தை மைத்துனரே எழுதி, அச்சாகி, கடைக்கும் போய்விட்டது.

எங்கள் பத்திரிகையில் அட்டைப்படம்தான் முதலில் பிறக்கும். கதை அதன் பின்னால் ஓடிவர வேண்டும். ஓவியர் தன் கைக்கு வந்ததை வரைவார், கதையைப் படிப்பது அவர் வழக்கமில்லை. ஒரு வாரம் படகு வரைவார். கடலே இல்லாத கதையில் நான் ஒரு படகை நுழைப்பேன். அந்த வாரம் கறுப்பு அங்கி போட்ட ஒரு வக்கீல் தேநீர்க் கோப்பையோடு சிரிப்பதுபோல் வரைந்திருந்தார். நானாயிருந்தால் புதிதாக ஒரு வக்கீலைக் கொண்டுவந்திருப்பேன். மைத்துனர் கதையில் ஏற்கெனவே இருந்த வக்கீலைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சமையல்காரன் கையால் தேநீர் கொடுத்துவிட்டார். அந்த வக்கீலை மூன்றாவது அத்தியாயத்தில் கொன்று, நாலாவதில் பிரேதப் பரிசோதனை செய்து, ஐந்தாவதில் மழையில் புதைத்தவன் நான். பிழைதிருத்துபவர் கவனித்துச் சொல்லியிருக்கிறார். எழுத்துப் பிழையை மட்டும் பார்த்தால் போதும் என்று அவருக்குப் பதில் வந்திருக்கிறது.

கோணிப்பையில் இருந்தவை வாசகர் கடிதங்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தவர்கள், சோறு பத்தாமல் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன்.

முதலாளி நேராக விஷயத்துக்கு வந்தார். மறுநாள் பத்து மணிக்கு அச்சு ஏற வேண்டும். அதற்குள் வக்கீல் எப்படிப் பிழைத்தான் என்பதற்குப் பத்தாவது அத்தியாயத்தில் வழி சொல்ல வேண்டும். இரட்டைப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாமே என்றார் மைத்துனர், நகத்தைப் பார்த்துக்கொண்டு.

நான் எழுதுகிறேன் என்றேன். போட்டோவை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள், வாக்குக் கொடுத்தது நீங்கள்தான் என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"பேருங்கிறது பத்திரிகையோட சட்டைய்யா," என்றார். "நீ போட்டா தொளதொளங்குது, இவனுக்கு அளவா இருக்கு. உன் மூஞ்சியப் போட்டேன்னு வை, கொலைகாரன் யாருன்னு முதல் வாரமே ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க."

மைத்துனர் சிரித்தார். பிழைதிருத்துபவரும் சிரித்தார், பாவம், அவருக்கு அங்கே வேலை. ஓவியர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் சிரித்தேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சிரித்து, சரி சார் என்று சொல்லி, எழுந்து வந்தேன்.

பஸ்ஸில் நின்றபடி அந்த நாலு பேரையும் மனசுக்குள் வரிசையாகக் கொன்றேன். ஆத்திரம் ஒரு பக்கம் கொதிக்க, பாழாய்ப்போன மூளை இன்னொரு பக்கம் வக்கீலின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது. இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் வழி கிடைத்துவிட்டது. தேநீர் கொடுத்த சமையல்காரன் வேலைக்குச் சேர்ந்ததே ஏழாவது அத்தியாயத்தில். வக்கீலை அவன் உயிரோடு பார்த்ததில்லை. அங்கியை மாட்டிக்கொண்டு வந்தவன் கொலைகாரன். இப்படி ஒன்று கிடைத்ததே என்று சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தின் மேலும் கோபம் வந்தது.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். பதினொரு பக்கம், ஒரே மூச்சு, இரண்டு இடத்தில் மட்டும் அடித்தல். மனைவி டெலிபோன் நிலையத்தில் காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்தாள். செருப்போடு நின்றே படித்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "எரிச்சல் வர்ற அளவுக்கு நல்லா இருக்கு. யாரு போட்டோவுக்குக் கீழ வரப்போகுது?"

நடந்ததைச் சொன்னேன், சிரித்ததையும் சேர்த்து. இதை வேறு பத்திரிகைக்குக் கொடுக்கவும் வழியில்லை, முதல் ஒன்பது இல்லாமல் பத்தாவதை யார் சீந்துவார்கள் என்றேன்.

அவள் காகிதங்களைத் தட்டி அடுக்கினாள். "பத்தாவது இல்லாம அந்த ஒம்பத வச்சுக்கிட்டு அவரு மட்டும் என்ன செய்வாராம்? எங்கப்பாவுக்கு நான் என்னங்க பதில் சொல்ல? நேர்ல போகாதீங்க, போனா பல்லக் காட்டிட்டு வந்துடுவீங்க. எழுதுங்க. உங்களுக்கு வர்றது அதுதானே."

அத்தியாயத்தை எடுத்துத் தன் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

முதல் கடிதத்தில் வசவு அதிகம். கிழித்தேன். இரண்டாவதில் கெஞ்சல் வந்துவிட்டது. அதையும் கிழித்தேன். மூன்றாவது இது:

"ஐயா, ஒன்று: வக்கீல் பிழைக்கவில்லை. தேநீர் குடித்தவன் யார் என்பதைப் பதினொரு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டேன். இரண்டு: அது என் வீட்டில் இருக்கிறது. மூன்று: என் பெயரைப் போட்டு, போட்டோவை எடுத்து, அச்சுப்படியை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், கண்ணால் பார்த்ததும் கொடுக்கிறேன். நான்கு: இதற்குச் சம்மதமில்லை என்றால் உங்கள் மைத்துனரே எழுதட்டும். புதைக்கப்பட்டவர்களோடு பேசிப் பழகியவர் அவர்தான். ஐந்து: இன்று உங்கள் அறையில் நான் சிரித்தேன். அது சம்மதம் அல்ல. இப்படிக்கு," என்று எழுதி, பம்பு கம்பெனிக் கடிதத்தில்கூடப் போடாத என் முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு போட்டேன்.

மனைவி ஒருமுறை படித்து, நான்காவதில் "ஐயா" வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

உள்ளூர்த் தபால் மறுநாள் காலை ஒன்பதுக்குப் பட்டுவாடா ஆகும். அச்சு ஏறுவது பத்துக்கு. அந்த ஒரு மணி நேரம் அவர் வேர்க்கட்டும். உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, மேசையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தபால் நிலையக் குமாஸ்தா உறையை எடைபோட்டு, பதிவுச் சீட்டு ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னால் இருந்த பைக்குள் எறிந்தார்.