கறுப்புப் பஞ்சு

எனக்கு வாய் ஜாஸ்தின்னு பாகலூர் ரோட்டு லைன் வீட்டுல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சா தெரியட்டும். பிரஸ் மிஷின்ல கையைக் குடுத்துட்டு வந்து ஒரு மனுசன் நாள் பூரா சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தா, எந்தப் பொண்டாட்டிக்கு வாய் சும்மா இருக்கும்?

என் வீட்டுக்காரர் அப்பாஸுக்கு வலது கையில ரெண்டு விரல் போச்சு. கட்டை விரல் தப்பிச்சுது, ஆனா விறைச்சுப் போச்சு. தினமும் அசைக்கலைன்னா அப்படியே நின்னுடும்னு பெங்களூர் ஆஸ்பத்திரியில சொல்லி, அமுக்கறதுக்கு ஒரு ரப்பர் பந்து குடுத்தாங்க. பந்து கட்டிலுக்கடியில கிடந்துச்சு. கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். "விடு வஜிஹா." அவ்வளவுதான் பதில்.

எங்கண்ணன் லால் பாஷாவுக்கு சிப்காட்ல, எலக்ட்ரானிக் போர்டு செய்யற கம்பெனியில வேலை. அவன்தான் பெங்களூர் பழைய சாமான் சந்தையில இருந்து, கையில பிடிச்சு விளையாடற வீடியோ கேம் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். கூட ஒரு டூப்ளிகேட் கேசட். கத்தியைத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் ஊர் ஊராப் போறான், கடைசியில ஒரு கோட்டை. குதிக்கவும் வெட்டவும் வலது கட்டை விரல்தான் வேணும். பந்தைத் தொடாத மனுசன் இதைத் தொட்டார். விரல் லேசா அசைஞ்சுது. நான் மூச்சே விடலை.

ஆனா வலி வந்துடும், ஆஃப் பண்ணிடுவார். மறுநாள் போட்டா திரும்பவும் முதல் ஊர். ஒரு வாரம் பொறுத்தார், அப்புறம் தூக்கிப் போட்டுட்டார். "எத்தனை தடவைடி முதல்ல இருந்து ஆரம்பிக்கறது?"ன்னார். அவர் கேமை மட்டும் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்.

அண்ணன் கேசட்டைப் பிரிச்சான். "பாரு மாப்ள, மெமரி சிப் வைக்கற இடத்தைக் காலியா விட்டிருக்கானுங்க திருட்டுப் பசங்க." எங்கயோ செத்துப்போன கேசட்ல இருந்து சிப்பைக் கழட்டிட்டு வந்து ஈயம் உருக்கிப் பத்த வெச்சான். கூடவே பொட்டு மாதிரி ஒரு பேட்டரி. "நீ ஆஃப் பண்ணாலும் இந்த பேட்டரி சிப்பை முழிச்சிருக்க வைக்கும். விட்ட இடத்துல இருந்தே ஆடலாம்." பேட்டரி தடிமனா இருந்ததால கேசட் மூடலை. மூடியைத் தூரப் போட்டுட்டு டேப்பைச் சுத்திக் குடுத்தான்.

அதுக்கப்புறம் ஆளே மாறிட்டார். "டீ போடு, ராட்சசன்கிட்டப் போறேன்"ம்பார். "முப்பத்திரண்டு வயசாச்சு, வெக்கமா இல்ல?"ன்னு கிண்டல் பண்ணுவேன். ஒருநாள் டீ டம்ளரை வலது கையில பிடிச்சார். நான் அடுப்பு ரூமுக்குப் போய் வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். கோட்டை மட்டும்தான் பாக்கி. "இதை முடிச்சுட்டு வேலை கேட்டுப் போறேன்"னார்.

கையைக் காட்ட பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின சாயங்காலம் அண்ணன் வந்தான். டேப் உரிஞ்சிருந்ததைப் பார்த்துட்டு, "ஸ்டாடிக் அடிச்சா சிப்பு காலி"ன்னான். துணி உரசினாலே வர்ற கரண்டாம் அது. அவங்க கம்பெனியில எந்த போர்டையும் வெறுமனே வைக்கக் கூடாதாம், கறுப்புப் பஞ்சுலதான் அழுத்தி வைக்கணும், இல்லாட்டி சூப்பர்வைசர் கத்துவாராம். அவனுக்கு அது கைப்பழக்கம். டேப்பைப் பூரா உரிச்சான், துடைச்சான், கேசட் போர்டை, பையில வெச்சிருந்த அந்தப் பஞ்சுல அழுத்தி பீரோவுல வெச்சான். "வந்ததும் புது டேப் சுத்தித் தர்றேன் மாப்ள." அல்லா இவனை நல்லா வைக்கணும்னு அன்னிக்கு துவா கேட்டேன்.

டாக்டர் விரலை மடக்கிப் பார்த்துட்டு, "சென்னாகிதே, பிடபேடி"ன்னார். நல்லாயிருக்கு, விட்டுடாதீங்கன்னு. இப்படியே போனா ஸ்பேனர் பிடிக்கலாம்னும் சொன்னார். திரும்பி வர்ற பஸ்ல அத்திப்பள்ளி தாண்டற வரைக்கும் இவர் கோட்டைக்குள்ள எப்படிப் போகணும்னு எனக்குச் சொல்லிக்கிட்டே வந்தார். எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா அவ்வளவு சந்தோசம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் டேப்பைச் சுத்திக் குடுத்தான். இவர் ஆன் பண்ணார். முதல் ஊர். ஆஃப் பண்ணி மறுபடி போட்டார். அதே முதல் ஊர்.

அண்ணன் பஞ்சை எடுத்துப் பார்த்தான். முகம் வெளுத்துப் போச்சு. "இது கரண்டைக் கடத்தற பஞ்சு... எங்க போர்டுல பேட்டரி இருக்காது, அதனால ஒண்ணும் ஆகாது. இதுல இருக்கே. பேட்டரியைப் பூரா உறிஞ்சிடுச்சே." தலையில அடிச்சுக்கிட்டான்.

"உன் கம்பெனி புத்தியைக் கம்பெனியிலேயே வெச்சுட்டு வரக் கூடாதா? பாவி!" வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். அவன் கண்ணு கலங்கி நின்னான். நல்லது நினைச்சுச் செஞ்சவனை எவ்வளவு நேரம்தான் திட்டறது?

இவர் "விடு வஜிஹா"ன்னுட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அண்ணன் புது பேட்டரி போட்டுட்டான். இனிமே எதுவும் அழியாதாம். அழியறதுக்கு அதுல என்ன இருக்கு? ரப்பர் பந்தையும் தேடி எடுத்துத் தலைமாட்டுல வெச்சேன். ரெண்டும் அப்படியே கிடக்குது.

நேத்து நானே கேமை எடுத்து அவர் பக்கத்துல உக்காந்தேன். சத்தத்தைக் கூட்டி வெச்சேன். நம்ம ஆளு முதல் பள்ளத்துலயே விழுந்தான். மறுபடி விழுந்தான். "ஐயய்யோ, செத்துட்டான்"னு வேணும்னே கத்தினேன். குடுடி இங்கன்னு பிடுங்குவார்னு பார்த்தேன்.

"ஏங்க, தாண்டறதுக்கு எதை அமுக்கணும்?"

"வலது பக்கம் இருக்கறதை"ன்னார், சுவத்தைப் பார்த்தபடியே. கை போர்வைக்குள்ளயே இருந்துச்சு.