நாலாம் பாத்திக்குப் போட்ட எரு

…இல்லை, தராசில் தப்பில்லை, மூன்று தடவை நிறுத்துப் பார்த்தாயிற்று, நாலாம் பாத்திச் சர்க்கரைவள்ளி மட்டும் முப்பத்தெட்டு கிலோ, மற்றதெல்லாம் இருபதைத் தொடவே திணறுகிறது, நாலு என்றால் அவளுடைய ரகம், ஆராய்ச்சிப் பண்ணையில் ஆறு வருஷம் இனம் கலந்து உருவாக்கியது, இந்த அறுவடையில் தேறினால்தான் விவசாயிகள் கைக்குப் போகும், இல்லாவிட்டால் அத்தோடு மூடு விழா, சந்தோஷப்பட வேண்டியவள் திரும்பத் திரும்பத் தராசையே பார்க்கிறாளே, ஏன்? எல்லாம் அந்தத் தோட்டக்கார அக்கா வாயால் வந்தது. கிழங்கின் மண்ணைத் தட்டிக்கொண்டே, "நாலுக்கு மட்டும் ரெண்டு கூடை எரு கூடப் போட்டேன் மேடம், உங்க முகம் வாடக் கூடாதில்ல" என்றாள். அடப் பாவமே, எல்லாப் பாத்திக்கும் ஒரே எரு, ஒரே தண்ணி என்று தலைதலையாய் அடித்துக்கொண்டதெல்லாம் எங்கே போச்சு, எது யாருடைய ரகம் என்று தெரியக் கூடாதென்றுதானே பெயரை மறைத்து வெறும் எண் பலகை குத்தி வைத்தது? நாலு என்னுதுன்னு யார் சொன்னாங்க என்று கேட்டால், "யாரு சொல்லணும்? மத்ததுக்கெல்லாம் நின்ன வாக்குல நோட்டுல எழுதுவீங்க, அதுக்கு மட்டும் குந்தி உக்காந்து இலையைத் தடவிக் குடுப்பீங்களே." தடவினாளா? தடவியிருப்பாள், யார் கண்டது, கை பாட்டுக்குப் போயிருக்கும்…

சரி, இந்த ஒரு தோட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம், இதே பாத்திகளைப் போட்ட தோட்டம் இன்னும் பதினொன்று இருக்கிறதே, ஜீப்பில் அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டாள், ஆனால் முந்தாநாள் தபால்காரர் தோட்டத்திலும் நாலுதான் முன்னால் நின்றது, அன்றைக்கு எவ்வளவு குஷி, அங்கேயும் குந்தி உட்கார்ந்தாளோ? அக்காவைக் கோபித்துக்கொள்ளவும் மனசு வரவில்லை, பெற்ற பிள்ளைக்குச் செய்கிற மாதிரியல்லவா செய்திருக்கிறாள், இதை மேலதிகாரியிடம் எந்த வாயால் சொல்வது, சொல்லாமல்தான் எப்படி இருப்பது…

அடுத்தது தையல்காரர் தோட்டம். இறங்கியவள் பிடிவாதமாக ஒன்றாம் பாத்திக்குப் போனாள், நாலின் பக்கம் திரும்பவே இல்லை, கழுத்து வலித்தது. தையல்காரர் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்.

"என்னம்மா, கோவமா? நாலுக்கு நான் என்ன குறை வச்சேன்?"

அவள் தராசைப் பிடித்தபடி நின்றாள்… அப்படியானால் அந்தக் கொடி, யாரும் பரிதாபப்படாத மண்ணில், தானாக எவ்வளவு கிழங்கு வைக்கும்? ஆறு வருஷமாகியும் அவளுக்கு அது தெரியாது.