வழியனுப்பும் பிரிவு

அரசூரில் சென்னியப்பன் நடத்தும் கம்பெனியில், வெளிச்சத்திடம் "போ" என்று சொன்னால் அது போய்விடும், திரும்பி வராது. "போய்ட்டு வாங்க" என்று சொன்னால்தான் வரும். அதற்காகவே அங்கே வழியனுப்பும் பிரிவு என்று ஒன்று இருந்தது. கருணாம்பிகை அதன் தலைவி.

கம்பெனியில் செய்வது லைடார் பெட்டி. டிரைவர் இல்லாத வண்டியின் நெற்றியில் அதைப் பொருத்துவார்கள். நொடிக்கு மூன்று லட்சம் வெளிச்சத் துளிகள் அதிலிருந்து கிளம்பிப் போய், எதிரே இருக்கிற சுவர், மாடு, மனிதன் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத் திரும்பும். போய்வர ஆன நேரத்தை வைத்து, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பெட்டி வண்டிக்குச் சொல்லும். மற்ற ஊர்களிலும் இதைச் செய்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வெளிச்சத்தைச் சும்மா பிடித்து வெளியே தள்ளுகிறார்கள். பத்து போனால் ஏழுதான் திரும்பும். அரசூர்ப் பெட்டியில் பத்து போனால் பத்தும் வந்தன. முறையாகச் சொல்லி அனுப்பினால் யார்தான் வராமல் இருப்பார்கள்.

கருணாம்பிகை அதற்கு முன்பு சூலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை பார்த்தாள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களிடம் தாம்பூலப் பையைக் கொடுத்து அவள் "போய்ட்டு வாங்க" என்று சொன்னால், பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு மறுபடி வந்து நிற்பார்கள். கிரைண்டர் மோட்டார் செய்துகொண்டிருந்த சென்னியப்பன் அப்படி ஒரு நாள் மூன்று தடவை திரும்பி வந்தார். நாலாவது தடவை வந்தபோது வேலை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரே ஷெட்டில் ஆரம்பித்த கம்பெனி நான்கு வருஷத்தில் ஏழு ஷெட் ஆயிற்று. ஒவ்வொரு பெட்டியும் தயாரானதும் அதன் கண்ணாடி மூடியைத் திறந்து, உள்ளே பார்த்துக் கருணாம்பிகை ஒரு தடவை சொல்வாள். ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு ஒரு கையசைப்பு போதுமென்கிற மாதிரி, அந்த ஒரு சொல் பெட்டியின் ஆயுசுக்கும் போதும்.

ஒரு குறை மட்டும் இருந்தது. வெளிச்சம் திரும்பி வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. என்ஜினியர்கள் விசாரித்ததில் காரணம் தெரிந்தது. "போய்ட்டு வா" என்று அனுப்பினால் வேலைக்கு வந்த ஆள். "போய்ட்டு வாங்க" என்று அனுப்பினால் விருந்தாளி. விருந்தாளியை எந்தச் சுவர் உடனே விடும்? உட்காரச் சொல்லி, ஊரில் மழையா என்று கேட்டு, ஒரு வாய் தண்ணீராவது கொடுத்துத்தான் அனுப்பியது. பெட்டி அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பண்ணி, சுவர் இன்னும் தள்ளி இருப்பதாக நினைத்துக்கொண்டது. நூல் மில்லுக்குள் ஊர்ந்து போகும் தள்ளுவண்டிகளுக்கு இது ஒரு பொருட்டில்லை. இடித்தால் நின்றுகொள்ளும்.

ஆனால் அந்த வருஷம் ஒரு துறைமுகத்திலிருந்து ஆர்டர் வந்தது. கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு டிரைவர் இல்லாமல் ஓடும் தொள்ளாயிரம் லாரிகள். சோதனை ஓட்டத்தில், லாரி தன் எதிரே இருப்பதற்கு நாலடி முன்னால் நிற்க வேண்டும். துறைமுகத்தின் சார்பில் ஜெரால்டு பர்னாந்து என்கிற அதிகாரி வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர் சுவர் இருந்தால் போதுமென்றுதான் சொன்னார். சென்னியப்பன் சும்மா இருக்கக் கூடாதா? சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டுத் தானே உட்காருவதாகப் போனில் வாய் விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் ஓடுகிற கிரைண்டருக்குள் கையை விட்டுக் காட்டி விற்றவர் அவர்.

சுவராவது பரவாயில்லை. தபால்காரரைக் காபி கொடுக்காமல் அனுப்பியதாகச் சென்னியப்பன் சரித்திரத்திலேயே கிடையாது. அவரை ஐந்தடி தூரத்தில் உட்காரவைத்துப் பெட்டியைப் போட்டுப் பார்த்தார்கள். இருபத்து மூன்றடி என்று பெட்டி சொன்னது. எல்லோரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

வெளிச்சம் வந்தால் கண்டுகொள்ளாமல் இருக்கும்படி கருணாம்பிகை அவரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"வந்தவங்கள எப்படிங்க அம்மிணி வெறும் வாயோட அனுப்பறது?" என்றார் அவர்.

அப்படியானால் நாற்காலியில் உட்கார வேண்டாம் என்று கெஞ்சினாள். லாரிக்குப் பதினெட்டு டன் எடை என்பதையும் சொன்னாள்.

"நம்ம பெட்டிய நாமளே நம்பலீன்னா வேற யாருங்க நம்புவாங்க? நீங்க பாத்துக்குவீங்க, அம்மிணி" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொல்லிப் போய்விட்டார். அவருடைய நம்பிக்கையைப் பார்த்தால் அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"ங்க"வை எடுத்துவிட்டு "போய்ட்டு வா" என்று சொன்னால் வேலை முடிந்தது. அவளும் ஒரு நாள் முழுக்க மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு முயற்சி செய்தாள். "வா" வரைக்கும் நன்றாக வந்தது, மூச்சு விடும்போது "ங்க"வும் கூடவே வந்தது. ஏழு ஷெட்டிலும் தேடினார்கள். வெளியே போகிறவரை ஒருமையில் அனுப்பக்கூடிய ஆள் ஒருத்தர்கூட இல்லை. கடைசியில் சென்னையிலிருந்து விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கும் ஜெயசீலன் என்பவரை வரவழைத்தார்கள். அவர் அசால்ட்டாக "போய்ட்டு வா" என்றார். நாலு வருஷம் மரியாதையாக நடத்தப்பட்ட வெளிச்சத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. சாயங்காலம் வரைக்கும் ஒரு துளியும் திரும்பவில்லை. கருணாம்பிகைதான் தென்னந்தோப்புப் பக்கம் போய்ச் சமாதானம் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

சோதனை நாளும் வந்தது. அன்று காலையில் அவள் கருமத்தம்பட்டியில் ஒரு சாவு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கல்யாண மண்டபத்தில் கூட வேலை பார்த்தவளின் மாமனார் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. போனதும் யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை. அவளும் வீட்டார் கையைத் தொட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். யாரும் ஊரில் மழையா என்று கேட்கவில்லை, காபி சாப்பிடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை. "போய்ட்டு வரனுங்க" என்று சொல்லக் கூடாது என்பதால் அவளும் சொல்லிக்கொள்ளாமல் தெருவுக்கு வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கைக்கடிகாரத்தில் மணியைப் பார்த்தாள். உள்ளே போய்வர ஐந்தே நிமிஷம்தான் ஆகியிருந்தது. இரண்டு பஸ்களை விட்டுவிட்டு அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கம்பெனிக்கு வந்தாள். லாரி தயாராக நின்றது. தூரத்தில் சுவருக்கு முன்னால், வெள்ளை வேட்டியில், கையில் காபி டம்ளரோடு சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். ஜெரால்டு பர்னாந்து குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். கருணாம்பிகை ஏணியில் ஏறி, பெட்டியின் மூடியைத் திறந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எழவு வீடுங்க. துக்கம் கேட்டுட்டு, சொல்லிக்காம வந்துருங்க."

உள்ளே வெளிச்சம் சற்று மங்கி, அடக்கமாயிற்று. அவள் மூடியைச் சாத்திவிட்டு இறங்கினாள்.

லாரி கிளம்பியது. பாதி தூரம் தாண்டியும் அதன் வேகம் குறையவில்லை. அவளுக்கு ரொம்பப் பயமாக இருந்தது. அந்த மனுஷர் செத்துப்போனால் தானும் இந்த வேலையில் இருக்கப் போவதில்லை என்று முடிவு செய்தாள். அதற்குள் லாரி தயங்கி, மெதுவாகி, நின்றது. ஜெரால்டு பர்னாந்து டேப்பைப் பிடித்து அளந்தார். நாலடி.

சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை. முதலில் "வாங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வெளிச்சம் தலையைக் குனிந்துகொண்டு வந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஆறு நொடியில் பதினெட்டு லட்சம் பேர் வந்து, அவர் கையைத் தொட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தார்கள். டம்ளரில் காபி அப்படியே ஆறிப்போயிருந்தது. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"அம்மிணி, யாருங்க போயிட்டாங்க?" என்று கேட்டார்.

தனக்குத் தெரியாது என்று அவள் உண்மையைச் சொன்னாள்.

"இத்தன பேரு வந்துட்டுப் போயிருக்காங்க. நமக்கு ரொம்ப வேண்டியவங்களாத்தான் இருக்கோணும்" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் கம்பெனியைப் பிடிக்க முடியவில்லை. துக்கம் கேட்டு வந்த வெளிச்சம் குளிக்காமல் உள்ளே வரக் கூடாது என்பதால், ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். நேரத்தைக் குளிப்பதற்கு முன்பே குறித்துக்கொண்டார்கள். குழாய் வைத்ததில் பெட்டியின் கண்ணாடியில் தூசியே தங்கவில்லை. இதைக் கேள்விப்பட்டு இன்னும் இரண்டு துறைமுகங்களும் ஒரு விமான நிலையமும் எழுதிக் கேட்டன. எட்டாவது, ஒன்பதாவது ஷெட்டுகளுக்குக் கூரை போட்டாயிற்று. ஆள்தான் போதவில்லை.

பதினாறாம் நாள் சென்னியப்பன் காரியம் வைத்தார். யார் என்று தெரியாவிட்டாலும் விட்டுவிட முடியுமா? சட்டத்துக்குள் படம் இல்லாமல் மாலை மட்டும் போட்டிருந்தது. ஏழு ஷெட் ஆட்களும் வந்தார்கள். ஜெரால்டு பர்னாந்தும் முதல் பந்தியிலேயே சாப்பிட்டார்.

மூன்றாவது பந்தி நடக்கும்போது, தன் காரியத்துக்கு இறந்தவரே வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை போட்டு, செருப்பை வாசலில் ஓரமாகக் கழற்றி வைத்தார். கருணாம்பிகை அவரைச் சென்னியப்பனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து இலை போட்டாள். ரசம் வரைக்கும் யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. ரசத்தின்போது சென்னியப்பன், குழாய் வேலை ஏதாவது தெரியுமா என்று கேட்டார். ஃபிட்டராக இருந்து கொஞ்சம் பழக்கம் உண்டு என்று அவர் சொன்னார்.

"அப்ப திங்கக்கெழம வந்துருங்க" என்றார் சென்னியப்பன்.

இறந்தவர் மோருக்கு இலையைக் காட்டிக்கொண்டே, எந்த ஷிப்ட் என்று கேட்டார்.