விதை வளை

ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தின் மேல் ஆணையாக இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் அந்த மரம் அடுத்த பருவத்தில் எட்டிக்காய் காய்க்கட்டும்.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம். தென்னேரி ஏரிக்குக் கீழே வரதராஜன் வயலிலிருந்து கடைசிக் கட்டும் களத்துக்குப் போன பிறகு, அங்கம்மாள் வரப்பில் மண்டியிட்டு, காதை மண்ணோடு வைத்துக் கேட்டாள். அறுத்து முடித்த வயலில் எலி வளைக்குள் கிடக்கும் நெல் வெட்டி எடுப்பவருக்குச் சொந்தம், எலியும் அவருக்கே. அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஒரு குழி நிலமும் இல்லாத அவள் தெருவில் மாசி பங்குனிக்கு அடுப்பு எரிந்ததெல்லாம் அந்த நெல்லால்தான். வளை வாயில் கிடக்கும் மண்ணைக் கிள்ளிப் பார்த்தே உள்ளே எத்தனை உருப்படி, அதில் எத்தனை சூல் என்று அங்கம்மாள் சொல்லிவிடுவாள். ஒருமுறை ஏழு என்றாள். வெட்டியபோது ஆறுதான் இருந்தன. ஏழாவது பக்கத்து வரப்புக்கு விருந்துக்குப் போயிருந்தது. சாயங்காலம் அதுவே திரும்பி வந்து அவள் சொன்னதை மெய்யாக்கியது.

அந்த வருஷம் எலி பெருத்துக் கிடந்தது. ஐ.ஆர். எட்டு நெல் வந்து இரண்டு போகம் விளைந்ததால் என்றார்கள் சிலர். தோல் வியாபாரிக்காகச் சாரைப்பாம்பையெல்லாம் பிடித்துக் கொடுத்ததால் என்றார்கள் வேறு சிலர். வாலாஜாபாத் பூனைகள் எதிரே எலி வந்தால் ஒதுங்கி வழிவிட்டன. பெரிய காஞ்சிபுரத்தில் பாதி நெய்த சேலைக்குள் ஒரு பெருச்சாளி குட்டி போட்டுவிட, தீட்டுக் கழியும்வரை பதினொரு நாள் தறியை நிறுத்தி வைத்தார்கள்.

எத்தனை வளை வெட்டினாலும், ஒற்றைப் பனையடியில் இருக்கும் வளையை மட்டும் அவள் தெருவில் யாரும் தொடமாட்டார்கள். அதன் வாயில் ஓர் எருக்கங்கொம்பு நட்டிருக்கும். அது விதை வளை. நெல்லுக்கு விதை வைப்பதுபோல எலிக்கும் விதை வைக்காவிட்டால் அடுத்த தையில் எதை வெட்டுவது?

கிராமசேவக் கண்ணாயிரம் சைக்கிளை நிறுத்திவிட்டு வரப்பேறி வந்து, கொம்பு நட்ட வளையைக் காட்டி அங்கம்மாளைக் கேட்டார். "இதை ஏன் உட்டுட்ட?"

"விதைக்குங்க ஐயா."

"எலிக்கு எவனாவது விதை வெப்பானா? அடுத்த போகத்துக்கு சர்க்கார் மருந்து வருது, அங்கம்மா. பேரு நம்ம வாயில நுழையாது. எலி வாயில நுழையும்."

"வாயத் தொறக்க வேண்டியது எலிதானேங்க. அதயும் ஒரு வார்த்த கேட்டுக்கினு வெய்ங்க."

பங்குனியில், பிரசவத்துக்கு வீடு வந்திருந்த அவள் மகள் வடிவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. செங்கல் சூளைக்குப் போன மருமகனிடமிருந்து சேதியில்லை. வளை நெல் வழக்கத்தைவிட அதிகம் கிடைத்தும், இரண்டு வாய் கூடியதில் பானை முன்னதாகவே காலியானது. வடிவுக்குப் பால் வற்றியது. குழந்தை அழுவதை நிறுத்திவிட்டு வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த அன்று, அங்கம்மாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உச்சிவெயிலில் தனியாகப் பனையடிக்குப் போனாள்.

எருக்கங்கொம்பைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு வெட்டினாள். முழங்கை ஆழத்தில் அறை இருந்தது. கதிர்களையெல்லாம் ஒரே பக்கம் தலைவைத்து எலி அடுக்கியிருந்த நேர்த்தியை அவள் எந்தக் களத்திலும் கண்டதில்லை. மூன்று மரக்கால் தேறும். அதற்குக் கீழே புல் மெத்தையில், கண் திறக்காத எட்டுக் குட்டிகள். தாயெலி ஓடவில்லை. முன்னங்கால்களை மார்போடு வைத்துக்கொண்டு அவளையே பார்த்தது. அவளும் அதைப் பார்த்தாள். பிறகு நெல்லை மடியில் கட்டிக்கொண்டு மண்ணைத் தள்ளி மூடினாள். கொஞ்சதூரம் போய்த் திரும்பியபோது பனைக்கு மேலே ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. சரியாக மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்க அவளுக்குக் கால் வரவில்லை.

குழந்தை பிழைத்தது.

அடுத்த தையில் எலி இல்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தெருவே வெட்டியது. வளைக்கு வளை சருகும் காய்ந்த புழுக்கையும்தான். சர்க்கார் மருந்து எலியை ஒழித்ததென்று வரதராஜன் தன் களத்தில் கண்ணாயிரத்துக்கு ஆளுயர மாலை போட்டார். கண்ணாயிரம் கூச்சத்தோடு எலிகளின் தரப்பிலும் ஓர் ஒத்துழைப்பு இருந்ததாகச் சொன்னார்.

தெருவின் பெரியவர் துரைக்கண்ணு மண்வெட்டியைக் கீழே போட்டார். "மருந்துதான். அவ்ளோதான், முடிஞ்சிது."

"மருந்து இல்லண்ணா," என்றாள் அங்கம்மாள். "நான்தான். போன பங்குனில பனையடிய வெட்டிட்டன்."

துரைக்கண்ணு மெல்லச் சொன்னார்: "இன்னாம்மா நீ. ஊரு பூரா மருந்து வெச்சிக்கினு இருந்தாங்க. ஒரு வளைய வெட்டினதுலயா இத்தினி எலியும் போயிடும்?"

"நானும் தெனம் பாத்தன். வெச்ச உருண்ட வெச்ச மேனிக்குக் காஞ்சிக் கெடந்துது. செத்த எலி நாறுமில்ல? ஒரு நாளாவது நாறிச்சா, சொல்லு."

பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த பூவம்மாள் தன் வெறும் கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். "உம் பேரனோட தொடையப் பாருக்கா. எங்க ஊட்டு நெல்லு பூரா அங்கதான் இருக்குது."

கேலிபோலத்தான் சொன்னாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அந்த மாசியில் தெரு ஏரிக்குள் இறங்கிக் கோரைக்கிழங்கு தோண்டித் தின்றது. அதே தெருவில் இருந்த அர்ஜுனன் குடும்பம் சட்டிபானையோடு மெட்ராஸுக்கு ரயில் ஏறியது. ஏறும் முன் அர்ஜுனன் அங்கம்மாள் வீட்டைத் தாண்டித்தான் போனான். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் பனையடியில் மறுபடி ஓர் எருக்கங்கொம்பு நட்டாள். அறுப்புக் கூலியில் மிஞ்சிய நெல்லில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, தினமும் போனாள். அந்த ஒரு பிடியை அவள் தன் கஞ்சியில் குறைத்துக்கொண்டாள். வளை வாயில் நெல்லை வைத்துவிட்டு, பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, மண்ணில் காதை வைத்துக் கேட்பாள். பேரன் அந்த நெல்லில் கையை விட்டு அளைந்துகொண்டிருப்பான். மறுநாள் போனால் வைத்தது வைத்தபடி இருக்கும். சித்திரை முடிவதற்குள் எருக்கங்கொம்பு மட்டும் வேர்பிடித்து இரண்டு இலை விட்டிருந்தது.

எலி இல்லாமற்போன அந்தத் தையில், சற்றுத் தள்ளி இருக்கும் ஏனாத்தூரிலும் எலி இல்லை. அங்கே யாரும் மருந்து வைத்ததுமில்லை, எந்த வளையின் வாயிலும் எந்த வருஷமும் எருக்கங்கொம்பு நட்டதுமில்லை.