கமக்கட்டில் இருந்த கொடி

அச்சுவேலிச் சந்தியில் கொடி பிடித்து நிற்கும்போது என்னை விடப் பெரிய ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. எங்கள் கழகத்தின் சைக்கிள் ஓட்டப் போட்டிக்குப் பன்னிரண்டு வருடமாக வீதி மறிக்கிறேன். வேலை சின்னதுதான். ஓட்டக்காரர் நெருங்கும்போது விசில் ஊதிச் சிவப்புக் கொடியை உயர்த்த வேண்டும். கொடி உயர்ந்து நிற்கும்வரை பக்கத்துச் சின்ன ஒழுங்கையிலிருந்து ஒரு வாகனமும் பெரிய வீதிக்கு ஏறக் கூடாது. பிள்ளைகள் பிரேக்கைத் தொடாமல் வருவது அந்தக் கொடியை நம்பித்தான்.

அன்று காலை மீன் விற்கும் தங்கமுத்து அம்மா ஸ்கூட்டியில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு ஒழுங்கையால் வந்தார்.

"ஐயா, ஐஸ் கரையுது. ஒருத்தரையும் காணேல்லைத்தானே, ஓடிக் கடந்திடுறன்."

"எல்லாருக்கும் ஒரே சட்டந்தான். கதையாமல் நில்லு!"

என்னிலும் வயதில் மூத்தவர் அவர். பத்து நிமிடம் வெயிலில் நிற்க வைத்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவர் அப்படி நிற்கும்போதே பெண்கள் ஓட்டத்தில் முதல் ஆள் தெரிந்தாள். ஆரபி. மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டுத் தனியே வந்தாள். இதில் வென்றால் மாகாண அணியில் இடம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் விசில் ஊதிக் கொடியை உயர்த்தினேன்.

அப்போதுதான் ஒழுங்கையில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. முன் சீட்டில் மார்க்கண்டர். ஆவணியில் என் மகள் மதுராவைக் கட்டப் போகிறவனின் தகப்பன். என்னைக் கண்டதும் கண்ணாடியை இறக்கி இரண்டு கையையும் கூப்பினார். மாப்பிள்ளையின் தகப்பன் கும்பிடும்போது பெண்ணைப் பெற்றவன் கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்பதா? கொடியைக் கைக்கடியில், கமக்கட்டுக்குள் செருகிவிட்டு நானும் இரண்டு கையாலும் கும்பிட்டேன். பல் முழுக்கத் தெரியச் சிரித்தேன். கொடி இறங்கியதைக் கண்ட சாரதி வானை எடுத்தான்.

ஆரபி பிரேக்கைப் பிடித்தும் நிற்கவில்லை. வானில் மோதி, தார் வீதியில் உருண்டாள்.

முதலில் ஓடியது நான் இல்லை, தங்கமுத்து. மீன்பெட்டி ஐஸை அள்ளித் தன் துவாயில் சுற்றிப் பிள்ளையின் தோளில் வைத்துப் பிடித்தார். பின்னால் வந்த ஓட்டக்காரிகள் ஒவ்வொருவராக எங்களைக் கடந்து போனார்கள்.

போட்டிப் பொறுப்பாளர் கோகுலன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். "என்ன நடந்தது, அண்ணை?"

"பிள்ளை கண்மண் தெரியாமல் வந்திட்டுது, தம்பி" என்றார் மார்க்கண்டர்.

கோகுலன் என்னைப் பார்த்தான். மார்க்கண்டரும் பார்த்தார். மண்டபம் பேசியாயிற்று, கூறை எடுத்தாயிற்று.

"ஓம்" என்றேன்.

தங்கமுத்து நிமிர்ந்தார். "உவர் கொடியைக் கமக்கட்டுக்கை வைச்சதை நான் கண்டனான்."

"சும்மா இருங்கோ, அம்மா. பன்னிரண்டு வரியமா ஒரு பிழையும் விடாத மனுசன் அவர்" என்றான் கோகுலன். அவன் என்னை நம்பியது எனக்குக் கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது.

அம்புலன்ஸில் ஏற்றும்போது ஆரபி அடிபடாத கையால் என் கையைப் பிடித்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"அங்கிள், குறை நினையாதேங்கோ. உங்கடை கொடியைத் தூரத்திலையே கண்டனான். பிறகு நான்தான் வடிவாப் பாக்கேல்லைப் போலை. என்னாலை உங்களுக்கும் கெட்ட பேர்."

கொடி அப்போதும் என் கமக்கட்டில்தான் இருந்தது. அதை இன்னும் இறுக்கிக்கொண்டு, அவளை மன்னிக்கிறவன் மாதிரி, "பரவாயில்லை, பிள்ளை" என்றேன்.