மூன்று மூட்டை கோவா இலை

"எம் புருசன் கடையில இருந்து சொமந்துட்டு வர்ற கோவா எலைல நல்லதெல்லாம் ஒனக்கு..."

"எலைல என்னக்கா நல்லது கெட்டது? தொட்டிக்குள்ள ரெண்டும் அழுகத்தானே..."

"அதான் ஒன் அடுப்பு ரெண்டு மணி நேரம் எரியுது, எனக்கு அரை மணி நேரத்துல..."

"நறுக்கி ஊற வச்சு, சாணியோட கொஞ்சங் கொஞ்சமா ஊத்துங்கனு எத்தன தரம் சொன்னேன்!"

குறை சொன்ன பாலம்மாவும் பதில் சொன்ன கலாராணியும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு. கோவா என்கிற முட்டைக்கோஸ் இலை, சாணி போன்ற கழிவில் அடுப்புக்கு கேஸ் எடுக்கும் தொட்டியை இருவருக்கும் ஒரே நாளில்தான் கட்டிக்கொடுத்தார்கள். அடுப்பு குறைவாக எரிந்ததைக்கூடப் பாலம்மா பொறுத்திருப்பாள். விடிந்ததும் அவள் புருசன் சின்னமுத்து தம்பி வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, கலாராணி கையால் தேத்தண்ணி குடிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. கேட்டால், உன் அடுப்பு பற்றுவதற்குள் கடைக்குப் போகிற கலஹா பஸ் போய்விடுகிறது என்று நியாயம் வேறு சொன்னான்.

பாலம்மா நறுக்கவும் இல்லை, ஊற வைக்கவும் இல்லை. அவளுக்கு ஒரு வாளி என்றால் எனக்கு மூன்று மூட்டை என்று, பச்சை இலையை ஒரே நாளில் தொட்டிக்குள் திணித்தாள். நாலாம் நாள் அந்த அரை மணி நேரமும் போயிற்று. மூடியைத் திறந்தால் புளித்த வாடை.

தொட்டி கட்டிக்கொடுத்தவர்கள் சார்பில் பார்க்க வருகிற கஜனி, கரைசலில் புளிப்பைக் காட்டும் ஒரு தாளை நனைத்துப் பார்த்தாள். தொட்டி அளவுக்கு மீறித் தின்று புளித்துவிட்டதாம். இரண்டு வாரம் எதையும் போடாமல், நன்றாக வேலை செய்கிற தொட்டியிலிருந்து பத்து வாளி கரைசல் எடுத்து, பாலுக்கு உறை ஊற்றுவது போல ஊற்றச் சொன்னாள். அப்படி ஒரு தொட்டி அந்த லயத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பாலம்மா வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் கலாராணியிடம் கேட்கப் போனாள். வெள்ளிக்கிழமை யாரும் வீட்டிலிருந்து ஒரு கை உப்புகூட வெளியே கொடுப்பதில்லை. கேட்டேன், அவளுக்கு மனசு வரவில்லை என்று புருசனிடம் சொல்லிவிடலாம்.

கலாராணி வாளியை எடுத்தாள்.

"சாணித்தண்ணிக்கு என்னக்கா வெள்ளியும் செவ்வாயும்?"

பத்து வாளியையும் சின்னமுத்துதான் சுமந்தான், அதுவும் சிரித்துக்கொண்டே.

மூன்றாம் வாரம் பாலம்மாவின் அடுப்பு நீலமாக எரிந்தது. சின்னமுத்து தன் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு மிடறு குடித்து, நல்லாயிருக்கு என்று தலையாட்டினான். எத்தனை நாள் அவள் காத்திருந்த சொல் அது. காதில் விழுந்தும் இனிக்கவில்லை. எதிரே நின்று அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஏங்க, நெசத்தச் சொல்லுங்க. என் அடுப்பு எரியுதுனு நெனச்சுக் குடிக்கிறீங்களா, அவ தொட்டி எரியுதுனு நெனச்சுக் குடிக்கிறீங்களா?"